ஸ்டெப்னிக்கு இட்ட சந்தனம்

நண்பா,

தாராவியில் ஒரு டயர் கடைக்குள் சந்தனம் மணந்தது என்றால் நீ நம்புவாயா? ரப்பர் தூள், கிரீஸ், பக்கத்துச் சந்திலிருந்து வரும் தோல் நெடி, இத்தனைக்கும் நடுவே நனைந்த சந்தனம். நடந்து மூன்று வாரம் ஆகிறது. இன்னும் அந்த வாசனை என் மூக்கைவிட்டுப் போகவில்லை. அது வந்தபோது நான் சிரித்தேன். உன்னை நினைத்துத்தான் சிரித்தேன். அடுத்த ஐந்து நிமிஷத்தில் உன்னைக் கன்னாபின்னாவென்று திட்டப் போகிறேன் என்பதும், அன்று மாலைக்குள் எனக்குப் பேச்சே வராமல் போகப் போகிறது என்பதும் அப்போது தெரியாது.

முதலிலிருந்து சொல்கிறேன். நீ போய் ஒன்பது மாதம் ஆகப் போகிறது. நம் வண்டி மாட்டுங்காவில் எங்கள் கட்டட காம்பவுண்டிலேயே நிற்கிறது. "நீங்களே வச்சுக்கிடுங்க அண்ணாச்சி" என்று கிரேஸ் போனில் சொன்னாள். அதற்குமேல் அவள் ஒன்றும் பேசவில்லை. உன் மனைவி அப்படி இரண்டு வார்த்தையில் போனை வைக்கிறவள் இல்லையே என்று நினைத்தேன். துக்கம், அப்படித்தான் இருக்கும் என்று நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

ஒரு திங்கட்கிழமை கீழே இறங்கிப் பார்த்தால் வண்டியின் பின் சக்கரம் ஒன்று தரையோடு தரையாக உட்கார்ந்திருந்தது. பஞ்சர் ஆனால் எனக்குச் செய்யத் தெரிந்த காரியம் ஒன்றுதான், உன்னைப் போனில் கூப்பிடுவது. பழக்க தோஷத்தில் போனை எடுத்துவிட்டேன். உன் பெயரும் வந்துவிட்டது. விரலை எடுக்கச் சிறிது நேரம் பிடித்தது. மறுநாள் காலை வாட்ச்மேனைக் கூப்பிட்டு டிக்கியிலிருந்து ஸ்டெப்னியை எடுக்கச் சொன்னேன். அதிலும் காற்று பாதிதான் இருந்தது, டயர் ஓரமெல்லாம் வெடித்திருந்தது. அவனே அதை ஒரு டாக்ஸியில் ஏற்றிவிட்டான். நான் தாராவிக்குப் போய் இறங்கினேன்.

கடைக்காரர் முருகேசன் என்று ஒருவர், நாற்பது வயது இருக்கும். தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த குடும்பம். தமிழில் ஆரம்பித்து இந்தியில் முடிப்பார். டயரைக் கழற்றிவிட்டுச் சக்கரத்தைப் புரட்டிப் போட்டவர், நடுவில் அப்பியிருந்த சந்தனத்தையும் குங்குமத்தையும் பார்த்துச் சிரித்தார்.

"என்ன அங்கிள், சக்கரமா சாமியா இது?"

வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு வைத்தது, ஒன்றன்மேல் ஒன்றாகக் காய்ந்து விரல் கனத்துக்கு ஏறியிருந்தது. தண்ணீரை ஊற்றிக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தார். அப்போதுதான் அந்த வாசனை வந்தது, நான் சிரித்தேன். பிரஷ் நின்றது. முருகேசன் குனிந்து, கட்டைவிரலால் அந்த இடத்தைத் தடவினார்.

"அங்கிள், இங்க பாருங்க. இது வெல்டிங் போட்ட சக்கரம்."

"இருக்காது. அது புதுச் சக்கரம். பன்னிரண்டு வருஷம் முன்னாலே மாத்தினது."

"புதுசா? கோன் போலா, யார் சொன்னது? யாரோ உங்களை நல்லா ஏமாத்திருக்காங்க."

என் விரலைப் பிடித்து வைத்துக் காட்டினார். நட்டு மாட்டும் துளையிலிருந்து கிளம்பிய ஒரு தழும்பு, சுண்டுவிரல் நீளம். ராவிப் பெயின்ட் அடித்திருந்தாலும் விரலுக்குத் தட்டுப்பட்டது. அதற்குப் பக்கத்தில், அரை விரல் தள்ளி, தலைமயிர் மாதிரி ஒரு புது விரிசல். எனக்குக் காது அடைத்துவிட்டது. முருகேசன் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசியாக அவர் கேட்டது மட்டும் உள்ளே போயிற்று.

"என்ன செய்யட்டும் அங்கிள்? மறுபடி வெல்டிங்கா, வேற சக்கரமா?"

வெல்டிங்கா, வேறயா. முப்பது வருஷம் நீயும் நானும் ஒரே ஆபீசில் அடித்துக்கொண்ட கேள்வி. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வண்டி விபத்துப் பிரிவு. நீ இன்ஸ்பெக்டர், நசுங்கிய லாரிக்கு அடியில் படுத்துப் புரண்டு, சட்டையெல்லாம் கரியோடு வந்து ரிப்போர்ட் கொடுப்பாய். நான் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து போட்டோவைப் பார்த்துத் தீர்ப்பு எழுதுவேன். படிவத்தில் இரண்டு கட்டம் இருக்கும், 'பழுது பார்க்கலாம்', 'மாற்ற வேண்டும்'. நீ முதல் கட்டத்தில் டிக் போட்டுக் கொண்டுவந்தால் நான் இரண்டாவதில் போடுவேன். "நேர்ல பாக்காம எப்படி மக்கா எழுதுத?" என்பாய். "உன்னை மாதிரி பாவம் பார்த்து எழுதினா நாளைக்கு எவனாவது சாவான்டா" என்பேன். அப்புறம் இரண்டு பேரும் கேன்டீனுக்குப் போவோம்.

வண்டி வாங்கியதும் அந்தச் சண்டையின் தொடர்ச்சிதான். நாம் பிறப்பதற்கு முன்னால் சீமையில் செய்த சின்னக் கார், பால்கோவா நிறம், தாதரில் ஒரு பார்சிக் கிழவர் வைத்திருந்தார். ஒருவனால் வாங்கமுடியாது என்று இருவரும் சேர்ந்து வாங்கினோம். ஒரு வாரம் செம்பூரில் உன் வீட்டில், ஒரு வாரம் மாட்டுங்காவில் என் வீட்டில். சனிக்கிழமை காலை ஒன்பதரைக்குக் கிங்ஸ் சர்க்கிளில் காப்பி குடித்துவிட்டுச் சாவி கைமாறும். ஆபீசில் எல்லோரும் சிரித்தார்கள், ஆறு மாதம் தாங்காது என்று பந்தயம்கூடக் கட்டினார்கள். முப்பது வருஷம் ஓட்டிக் காட்டினோம்.

சட்டம் போட்டது நான். ஐந்து டயரும் ஒரே சீராகத் தேய வேண்டும், ஸ்டெப்னி உட்பட. ஆகையால் எல்லாச் சக்கரமும் முறை வைத்து ரோட்டில் ஓட வேண்டும். ஆயுத பூஜை அன்று நான் ஸ்கேலை எடுத்துக்கொண்டு ஐந்து டயரின் பள்ளத்தையும் அளப்பேன். "சர்வே ஆபீஸர் வந்துட்டாரு" என்று நீ கையைக் கட்டிக்கொண்டு நிற்பாய். சக்கரத்தைக் கழற்றுவது, தூக்குவது, மாற்றுவது எல்லாம் உன் வேலை. எனக்கு முதுகுவலி என்று நீயே சொல்லிவிட்டாய். நானும் அதை வேத வாக்காக எடுத்துக்கொண்டேன்.

அந்தப் பள்ளம் ஞாபகம் இருக்கிறதா? கோவண்டி சிக்னல் தாண்டி, மழைத் தண்ணீர் மூடியிருந்தது. ஓட்டியது நான். முன்னால் நீ, பின்னால் பதினாறு வயசு காயத்ரி. தடால் என்று ஒரு சத்தம், என் பெண் முன் சீட்டில் நெற்றியை இடித்துக்கொண்டாள். பெரிய காயமில்லை, புடைத்துக்கொண்டது, அவ்வளவுதான். நீ மழையில் இறங்கிப் பார்த்துவிட்டு, "ஓரம் வளைஞ்சிருக்கு, துளை பக்கத்துல லேசா விட்டிருக்கு. தட்டி நிமித்தி வெல்டிங் போட்டா அம்பது வருசம் ஓடும்" என்றாய்.

நான் ரோட்டிலேயே கத்தினேன். "துளைகிட்டே விரிசல் விட்ட சக்கரத்தை வெல்டிங் பண்ணுவானா எவனாவது? புதுச் சக்கரம் கெடைச்சா இந்த வண்டி. இல்லேன்னா வித்துடலாம். வெல்டிங் பண்ணின சக்கரத்துலே எங்காத்து மனுஷா ஏற மாட்டா. இது சத்தியம்."

நீ மழையில் நனைந்துகொண்டே ஸ்டெப்னியை மாட்டினாய். இருபத்தைந்து நாள் கழித்து ஒரு சனிக்கிழமை வந்து டிக்கியைத் திறந்து காட்டினாய். பளபளவென்று பால்கோவா நிறத்தில் சக்கரம். "குர்லாவுல ஒரு பங்கார் கடைக்காரன் பதுக்கி வச்சிருந்தான் மக்கா" என்றாய். பழைய இரும்புக் கடையில் கிடைத்த சக்கரம் எப்படி நம் வண்டி நிறத்திலேயே இருக்கும் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. ஒரு விரலால் டொக்கென்று தட்டிப் பார்த்தேன். திருப்தியாகிவிட்டது.

முருகேசன் கடை வாசலில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து, இத்தனை வருஷத்தையும் திரும்ப எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றாக வெளியே வந்தது.

ஆயுத பூஜை. வண்டியின் நான்கு சக்கரத்துக்கும் பளபளவென்று மூடி உண்டு. அதில் நான் சந்தனப் பொட்டு வைப்பேன். டிக்கியில் கிடக்கும் ஸ்டெப்னிக்கு மூடி கிடையாது. "அதுக்கு நான் வைக்கேன், கொண்டா" என்று கிண்ணத்தை வாங்கிக்கொள்வாய். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன், குனிந்து, நாலு விரலால் சந்தனம் அள்ளி அப்பி, நடுவில் குங்குமம் வைப்பாய். அதற்கப்புறம்தான் பானெட்டில் கை வைத்து உன் ஜெபம். முதல் வருஷம் எனக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டில், கட்டடத்தில், சொந்தக்காரர்களிடம் எல்லாம் சொன்னேன், என் சிநேகிதன் கிறிஸ்தவன், எங்கள் வண்டிக்கு அவன்தான் சந்தனம் வைப்பான் என்று. மனிதன் என்றால் இப்படி இருக்கணும் என்றுகூடச் சொன்னேன். நீ தழும்பை மறைத்திருக்கிறாய். என் ஸ்கேலுக்கும் என் கண்ணுக்கும் எதிரில், என் சாமியை வைத்தே மறைத்திருக்கிறாய்.

மான்குர்த். சான்பாடாவிலிருந்து திரும்பும்போது டயர் பஞ்சர். உனக்குப் போன் போட்டேன். "ஸ்டெப்னியைத் தொடாத. முதுகு பிடிச்சுக்கிடும். நான் வாரேன்" என்றாய். ஆட்டோவில் ஒரு பஞ்சர் கடைக்காரரையே கூட்டிக்கொண்டு வந்து, வெயிலில் ஒரு மணி நேரம் நின்று, அந்த இடத்திலேயே ஒட்டவைத்தாய். "டிக்கியிலே முழுச் சக்கரம் இருக்கச்சே எதுக்குடா இந்தக் கூத்து?" என்று நான் எரிந்து விழுந்தேன். "அது உன் சந்தனம் அழிஞ்சிரும் மக்கா" என்று சிரித்தாய்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. நிறைமாதமாக இருந்த காயத்ரியை அந்த வண்டியில்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பிறந்த குழந்தையை அதில்தான் கொண்டுவந்தேன். அத்தனை தூரமும் எந்தச் சக்கரத்தின் மேல் போனோம்? என்னை விடு. என் பெண் உன்னை மாமா என்றுதானே கூப்பிட்டாள்? 'துரோகி' என்று வாய்விட்டே சொன்னேன். முருகேசன் திரும்பிப் பார்த்தார். "யாரை அங்கிள்?" என்றார். சக்கரத்தை அங்கேயே போட்டுவிட்டு, சயனுக்கு நடந்து ஆட்டோ பிடித்துச் செம்பூர் போனேன். செத்தவனிடம் சண்டை போட முடியாது. கிரேஸிடமாவது கேட்டுவிடுவது என்று போனேன்.

கதவைத் திறந்தவள் "வாங்க" என்றாள், சிரிக்கவில்லை. உன் நாற்காலியில் துணி மடித்து வைத்திருந்தது. நான் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"கிரேஸ், டிக்கியிலே இருந்த ஸ்டெப்னி வெல்டிங் பண்ணினது. உனக்குத் தெரியுமா?"

"வெல்டிங்கெல்லாம் எனக்கு என்ன தெரியும்? சனிக்கிழமைச் சக்கரத்தையா கேக்கிய?"

"சனிக்கிழமைச் சக்கரமா?"

நான் நடிக்கிறேன் என்று நினைத்தாளோ என்னவோ, என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்ன அண்ணாச்சி தெரியாத மாதிரி கேக்கிய? வண்டி உங்ககிட்ட வார சனிக்கிழமை, காலையில எந்திச்சதும் அந்தச் சக்கரத்தக் கழட்டி டிக்கியில போட்டுட்டு, நல்லத மாட்டுவாவ. அடுத்த சனிக்கிழமை வண்டி இங்க வந்ததும் நல்லதக் கழட்டி வச்சுட்டு, அதத் திரும்ப மாட்டுவாவ. மழைன்னாலும் சரி, காய்ச்சல்னாலும் சரி. பன்னெண்டு வருசம் நடந்துச்சு. 'ஏன் இப்படிப் போட்டு அடிக்கிய'ன்னு கேட்டா, 'அவன் வீட்டுக்கு நல்ல சக்கரமாத்தான் போவணும்'பாவ. நீங்க சொல்லித்தான் செய்தாவன்னுல்லா நான் நெனச்சேன்."

நான் உன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

"அன்னைக்கும் அதத்தானே செஞ்சுக்கிட்டு இருந்தாவ" என்றாள்.

அன்றைக்கு நான் கிங்ஸ் சர்க்கிளில் இரண்டு காப்பி சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்பதே முக்கால் ஆயிற்று. எப்போதும் நேரத்துக்கு வருகிறவன் இன்று ஏன் இப்படி என்று சலித்துக்கொண்டு என் காப்பியைக் குடித்தேன். போன் வந்தது, உன் பக்கத்து வீட்டுக்காரர். நான் ஓடி வந்தபோது உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள், எல்லாம் முடிந்தும்விட்டது. காம்பவுண்டில் வண்டி ஜாக்கியின் மேல் நின்றது. புதிதாக மாட்டிய சக்கரத்தில் இரண்டே நட்டு. மீதி இரண்டு உன் சட்டைப் பையில் இருந்ததாக ஆஸ்பத்திரியில் கொடுத்தார்கள். தரையில் இன்னொரு சக்கரம் கிடந்தது. பஞ்சர் போலிருக்கிறது, இந்த வயசில் தானே மாற்றப் போய் மாரடைப்பு வந்துவிட்டது என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். நான் குனிந்து அந்த டயரை அமுக்கிப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தது, பஞ்சர் இல்லை. பஞ்சராகாத சக்கரத்தை இவன் எதற்குக் கழற்றினான் என்று அன்றே கேட்டேன். ஒன்பது மாதமாக எல்லோரிடமும் கேட்டேன். விபத்துப் பிரிவில் முப்பது வருஷம் உட்கார்ந்தவன், ஒரு சம்பவத்துக்குக் காரணம் தெரியவில்லை என்றால் விடமாட்டேன் இல்லையா? எத்தனை பேரிடம் சொல்லி வியந்திருப்பேன், இதற்குக் காரணமே புரியவில்லை என்று.

காரணம் நான்தான். என் வாரம் அன்று ஆரம்பிக்கிறது, அதனால் கழற்றினாய்.

வெல்டிங் பண்ணின சக்கரத்தில் எங்காத்து மனுஷா ஏற மாட்டா என்று நான் ரோட்டில் நின்று கத்தியதை நீ அப்படியே, எழுத்துக்கு எழுத்து, காப்பாற்றியிருக்கிறாய். என்னிடம் பொய் சொன்னாய். ஆனால் என் சத்தியத்தைப் பொய்யாக்கவில்லை. காயத்ரி ஒரு நாளும் அந்தச் சக்கரத்தின் மேல் போகவில்லை. குழந்தையும் போகவில்லை. நானும் போகவில்லை. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் டயர் கடை வாசலில் உன்னைத் துரோகி என்று சொன்ன வாயை என்ன செய்வது?

"ஏன் அண்ணாச்சி, அந்தச் சக்கரத்துல என்ன?" என்று கிரேஸ் கேட்டாள்.

சொல்லாமல் வந்துவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. உண்மையாகச் சொல்கிறேன், தோன்றியது. உன் சாவுக்கும் என் வாய்க்கும் சம்பந்தம் உண்டு என்று அவளிடம் எப்படிச் சொல்வது? ஆனால் அவள் ஒன்பது மாதமாக, நான் கேட்டுத்தான் நீ மாற்றினாய் என்று நினைத்து மனசுக்குள் என்னோடு பேசாமல் இருந்திருக்கிறாள். பள்ளம், காயத்ரியின் நெற்றி, என் சத்தியம், உன் குர்லாப் பொய், சந்தனம், எல்லாவற்றையும் சொன்னேன். என் ஐந்து டயர் சட்டத்தையும் சொன்னேன். அந்தச் சட்டம் மட்டும் இல்லையென்றால் நீ அதை டிக்கியிலேயே போட்டு வைத்திருப்பாய். தேய்மானம் ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக உன் வாரத்தில் அதை ரோட்டில் ஓட்டியிருக்கிறாய்.

கிரேஸ் மடித்த துணியை மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அதான் எங்க வாரத்துல எங்களை ஏத்தவே மாட்டாவ" என்றாள். "சர்ச்சுக்குக்கூட ஆட்டோவுல போங்கம்பாவ, பின்னால தனியா வண்டிய உருட்டிக்கிட்டு வருவாவ. பெட்ரோல் வாசம் உனக்கு ஒத்துக்காதும்பாவ. எனக்கு என்னைக்கு அந்த வாசம் ஒத்துக்காம போச்சு?" பிறகு, "என்னமோ சாமானத் தேடிப் பூனா வரைக்கும் போனாவ அப்போ. கெடைக்கலன்னு வந்து உக்காந்தாவ. 'வண்டிய வித்துட்டா சனிக்கிழமை அவன் எதுக்கு வரப் போறான்'னாவ. எனக்கு அப்போ ஒண்ணும் புரியல" என்றாள்.

சனிக்கிழமைக்காகவா? ஒரு காப்பிக்காகவா நண்பா? வண்டி இல்லாவிட்டால் நான் வரமாட்டேன் என்றா நினைத்தாய்? கோபம் வருகிறது. ஆனால் யோசித்துப் பார்த்தால், நீ போன பிறகு இந்த ஒன்பது மாதத்தில், வண்டி என் வீட்டிலேயே நின்றுவிட்டதால், நான் செம்பூர் பக்கம் எத்தனை தடவை போனேன்? காரியம் முடிந்ததற்கப்புறம் அதுதான் முதல் தடவை. உனக்கு என்னைத் தெரிந்திருக்கிறது.

நான் எழுந்தபோது கிரேஸ் அழவில்லை. என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"வருசா வருசம் ஸ்கேல் வச்சு அளந்தியளே அண்ணாச்சி. ஒரு நாளாவது அத வெளிய தூக்கிப் பாத்திருக்கலாம்லா?"

மாடிப்படியில் இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினேன். நேர்ல பாக்காம எப்படி மக்கா எழுதுத என்று ஆயிரம் தடவை கேட்டிருப்பாய். ஆயிரம் தடவையும் எனக்கு அது வேடிக்கைப் பேச்சு.

மறுநாள் முருகேசன் கடைக்குப் போனேன். "முடிவு பண்ணீங்களா அங்கிள்?" என்றார். அன்றைக்குத்தான் முதல் தடவையாக நான் ஒரு பாகத்தை நேரில், கையில் எடுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மறுபடி வெல்டிங் போட்டு ஓட்டலாமே என்று ஒரு மனசு. உன் கை பட்டது, உன் ஏற்பாடு, உன் ஞாபகமாக இருக்கட்டுமே என்று. இன்னொரு மனசுக்கு அந்தத் தலைமயிர் விரிசல் மட்டும்தான் தெரிந்தது. நீ தனியாக ஓட்டிய ஒவ்வொரு வாரமும் அது கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்திருக்கிறது. ஹைவேயில் ஒரு நாள் விட்டிருந்தால்? ஓட்டியது நீ ஒருவன்தான் என்பதா எனக்கு ஆறுதல்?

"வேற சக்கரம். இதை வெட்டிப் போட்டுடுங்கோ" என்றேன். மாற்ற வேண்டும் என்று எழுதினால் பழைய பாகத்தை வெட்டிவிட வேண்டும், திரும்ப ரோட்டுக்கு வந்துவிடக் கூடாது என்பது நம் ஆபீஸ் வழக்கமில்லையா? முருகேசன் வெட்டினார். நான் கடைசிவரை நின்று பார்த்தேன். துண்டை எடுத்து ஓங்கித் தரையில் அடித்துவிட்டு, "வெல்டிங் கெட்டி அங்கிள், ஒண்ணும் ஆகல. பக்கத்துலதான் விட்டிருக்கு" என்றார். சரி, அதையும் உனக்குச் சொல்லிவிட்டேன். உன் வெல்டிங் தாங்கியது.

காயத்ரி போனிலேயே தேடிக் கோயம்புத்தூரில் ஒருவரிடம் அசல் சக்கரம் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டாள். இரண்டு நாள்கூட ஆகவில்லை. நீ பூனா வரைக்கும் அலைந்தாய். பார்சல் வந்ததும் பிரித்து, துளைக்குத் துளை விரலை விட்டுப் பார்த்தேன். முருகேசனிடம் கொண்டுபோய்ப் புது டயர் போட்டு வாங்கிவந்து டிக்கியில் வைத்தேன். பஞ்சரான பின் சக்கரத்தை அதற்குள் எங்கள் வாட்ச்மேன் கழற்றிக் கொண்டுபோய் ஒட்டிவந்து மாட்டியிருந்தான். சந்தனம் வைக்கவில்லை. இனி ஸ்டெப்னிக்கு வெறும் தண்ணீரும் துணியும்தான்.

நேற்று சனிக்கிழமை. வண்டியை எடுத்துக்கொண்டு செம்பூருக்குப் போனேன். "இந்த வாரம் உங்க வாரம்" என்று கிரேஸிடம் சாவியை நீட்டினேன். "எனக்கு ஓட்டத் தெரியாதே அண்ணாச்சி" என்றாள். "நிக்கட்டும். அடுத்த சனிக்கிழமை நான் வந்து எடுத்துக்கறேன். அதுக்கு அடுத்த சனிக்கிழமை கொண்டுவந்து விடறேன்" என்றேன். அவள் உள்ளே போய்ச் சின்ன எவர்சில்வர் டப்பா ஒன்றைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். திறந்தேன். ஆஸ்பத்திரியில் கொடுத்த இரண்டு நட்டு.

கீழே இறங்கி வந்தேன். காம்பவுண்டில், அதே இடத்தில், ஜாக்கியை வைத்தேன். வாட்ச்மேன் ஓடிவந்தார், "ரஹ்னே தோ ஸாப், மை கர்தா ஹூம்" என்று, தானே செய்வதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். முன் இடது சக்கரத்தின் மூடியை எடுத்து, நீ போன பிறகு வேறு வாங்கிப் போட்ட இரண்டையும் சேர்த்து, நான்கு நட்டையும் கழற்றினேன். எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். சக்கரத்தை உருவினேன். பிறகு டிக்கிக்குப் போய்ப் புதுச் சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து வெளியே தூக்கினேன்.

முதல் தடவை வரவில்லை. இரண்டாம் தடவை வயிற்றோடு அணைத்து எடுத்தேன். மூச்சு முட்டியது. மேலே பால்கனியிலிருந்து "மெதுவா அண்ணாச்சி, மெதுவா" என்று கிரேஸின் குரல் கேட்டது. டிக்கியிலிருந்து முன் சக்கரம் வரைக்கும் நாலு எட்டுதான். அதைச் சுமந்துகொண்டு அந்த நாலு எட்டை நடக்க முடியாமல் நடுவில் நின்றேன். ஒரு வாரம் கழற்ற, ஒரு வாரம் மாட்ட, ஐம்பத்து நாலு வயசில் ஆரம்பித்து அறுபத்தாறு வரைக்கும், மழையில், காய்ச்சலில். அப்புறம் கையைக் கழுவிக்கொண்டு, சட்டை மாற்றிக்கொண்டு, ஒன்பதரைக்குக் கிங்ஸ் சர்க்கிளில் வந்து உட்காருவாய். ஒரு நிமிஷம் லேட்டானால் நான் கடிகாரத்தைப் பார்ப்பேன்.

இவ்வளவு கனம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, மக்கா.